மூன்றாம் வளைவு

அஞ்செட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே
சக்கரத்தைப் பார்த்துச் சிரித்தார் புட்டமாதன்.
நீளக் கம்பின் நுனியில் ஒற்றைச் சக்கரம்,
அதன் கழுத்தில் ஓர் எண்பெட்டி.
"பாதி சைக்கிள்தான் குடுத்தாங்களா மேடம்?"

பசவன்கொட்டாய் தாண்டியதும் மண் முடிந்து
கல் தொடங்குகிறது.
படுத்த ஆடுகள் போல முதுகு முதுகாய்,
நடுவில் மட்டும் வழவழத்து,
கழுதைக் குளம்புக்கு அளவெடுத்த பள்ளங்களோடு.
போட்டது யார்?
"குதிரைப்படைம்பாங்க. புளி வியாபாரிம்பாங்க.
எங்க கழுதையைக் கேட்டா தான்தான்னு சொல்லும்."
எந்த ஆண்டு என்ற கட்டத்தில்
ஒரு கோடு போட்டேன்.

சக்கரம் கல்லுக்குக் கல் துள்ளியது.
ஒவ்வொரு துள்ளலுக்கும் எண்பெட்டி
நான் நடக்காத ஒரு சாணைச்
சேர்த்துக்கொண்டது.
ஏற்றத்தில் முதலில் பேச்சு தீர்ந்தது,
அப்புறம் தண்ணீர்.
உண்ணிச்செடி வாசனை. நேற்றைய யானைச் சாணம்.
கீழே எங்கோ கழுதையின் வாரை இறுக்கியபடி
அதை வைதுகொண்டிருந்தார் அவர், கன்னடத்தில்.

மூன்றாம் வளைவில் ஓர் அகலக் கல்.
அதன்மேல் உளியால் கீறிய ஆடுபுலிக் கட்டம்.
புலிக்கு மூன்று செங்கல் சில்லு.
ஆட்டுக்குப் புளியங்கொட்டை, ஒன்பது.
ஆள் இல்லை.
பாதியில் எழுந்து போனவர் யாரென்று
சுற்றிப் பார்த்த நேரத்தில்
சக்கரம் ஏறி ஒரு கொட்டை உருண்டது.
எடுத்து
தோன்றிய முனையில் வைத்துவிட்டு நடந்தேன்.
கொஞ்ச நேரத்தில் எட்டிப் பிடித்த புட்டமாதன்
வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார்,
காரணம் சொல்லாமல்.

உச்சிக்கெரை.
ஆறு கிலோமீட்டர் இருநூற்று நாற்பது.

ராத்திரி களி கிண்டும்போதுதான் உடைந்தது.
"ஒரு ஆடு தானா வாயில வந்து விழுந்துச்சு" என்றார்.
கெம்பம்மா துடுப்பை நிறுத்தினாள்.
"அதை நான் செவ்வாக்கிழமை
ஒளிச்சு வச்சுட்டு வந்தேனே!"
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
களி அடிப்பிடித்தது.

ஏறுகிறவர் புலி. இறங்குகிறவர் ஆடு.
ஆளுக்கு ஒரு நகர்த்தல், அவ்வளவுதான்.
அடுத்தடுத்து இரண்டு பேர் ஏறினால்?
"ரெண்டாவது ஆளு பார்த்துட்டுப் போகணும்."
இறங்குவது ஏன் ஆடு?
"பேங்குக்கு, ஆஸ்பத்திரிக்கு, தாலுகாபீசுக்கு,
வேற எதுக்கு இறங்கறோம்?
அங்க போய்ப் புலியாவா நிக்க முடியும்?"
இந்த ஆட்டம் மாசியில் தொடங்கியதாம்.
போன ஆட்டத்தில்
தேர்தல் பெட்டியோடு ஏறிய போலீஸ்காரர்
வந்த வேகத்தில் இரண்டு ஆட்டை அடித்தாராம்.
இன்னும் அவர் பேச்சுதான்.

காலையில் இறங்கினோம்.
ஏற்றம் மூச்சுக்கு, இறக்கம் முழங்காலுக்கு.
எட்டுக் கொட்டை. ஆட்டின் முறை.
ஆடு நான்.
சக்கரத்தைச் சாய்த்து வைத்துக் குந்தினேன்.
காலி ரேஷன் பையோடு பின்னால் கெம்பம்மா,
ஒரு வார்த்தை பேசவில்லை.
விரல் தப்பான கொட்டைக்குப் போகும்போதெல்லாம்
தொண்டையை மட்டும் செருமினாள்.
மூன்று செருமலுக்குப் பிறகு நகர்த்தினேன்.
அவள் பையை உதறித் தோளில் போட்டாள்.
சரிதான் போலிருக்கிறது.

கீழே வந்தபோது
ஆறு கிலோமீட்டர் பதினைந்து.
அதே பாதை, அதே சக்கரம்.
இருநூற்று இருபத்தைந்து மீட்டரை
எந்தக் கல் வைத்துக்கொண்டதோ.

படிவத்தில் கடைசிக் கேள்வி:
பாதை பயன்பாட்டில் உள்ளதா?
ஆம், இல்லை, இரண்டில் ஒன்றை அடிக்கச் சொல்லியிருந்தது.
நான் பக்கத்தில் எழுதினேன்:
இப்போது புலியின் முறை.

கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பி வந்துவிட்டது,
மூன்று சிவப்புச் சுழியோடு.
நீளம் இரண்டு இருக்கக் கூடாதாம்.
ஆண்டு வேண்டுமாம்.
குறிப்பு புரியவில்லையாம். மறுஅளவை செய்க.

திங்கட்கிழமை முதல் பஸ்.
இந்த முறை ஏறும்போது
சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு
அந்தக் கல்லைச் சுற்றிப் போவேன்.
அதற்கு முன்
குனிந்து ஒருமுறை எண்ணுவேன்,
கெம்பம்மாவின் ஆடுகளை,
நல்ல பசியோடு.